'தழல' என்று அடித்தால் கோலம் விழும்!

முதல் வரியில் 'தழல' என்று அடியுங்கள். என்டர் தட்டி இரண்டாம் வரியில் 'ஞரம'. இப்போது எழுத்துருப் பட்டியலைத் திறந்து எங்கள் கோல எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்! எழுத்துகள் மறைந்து ஆறு புள்ளிகள் முளைக்கின்றன. ஆறையும் வளைத்து, தன்னைத்தானே குறுக்கே வெட்டிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது ஓர் இழை. கை எடுக்காமல் போட்ட சிக்குக் கோலம், வரிக்கு மூன்றே எழுத்தில்!

திரையில் இது முதன்முதலாக விழுந்தபோது கடையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள், ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் உட்பட. கடை என்பது பெரம்பலூரில் இருக்கும் சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி, வண்டி ஸ்டிக்கர் என்று நாள் முழுக்க வேலை ஓடும். கோலம் பிறந்த இடம் அதன் பின்னறை. பேப்பர் கட்டுகளுக்கு நடுவே ஒரு பழைய கணினி, பக்கத்தில் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள், காட்டுகிறேன்.

எங்கள் கூட்டணியில் மூன்று பேர். கடைக்கார அண்ணன், என் அத்தை, நான். அத்தை வீடு அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டம் பக்கம். ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்குப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். மார்கழி முழுக்க அவர் வாசலைப் பார்க்கவே தெருவில் ஆள் நிற்கும். கோல நோட்டு என்று கட்டம் போட்ட நோட்டுகள் ஒரு பை நிறைய வைத்திருக்கிறார். அந்தப் பையோடுதான் பெரம்பலூர் பஸ் ஏறி வந்தார். (இந்த இரண்டு மாவட்டங்களின் கதையே ஒரு சிக்குக் கோலம்! 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் தனியானது, 2002-ல் மறுபடி சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது.)

வேலையைக் கிளப்பிவிட்டது ஐரோப்பாவின் கெல்டிக் முடிச்சு எழுத்துரு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 'கெல்ஸ் நூல்' என்ற கையெழுத்துப் படி இருக்கிறது. சுமார் கி.பி. 800-ல் எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் நாடாக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிப் பின்னிக் கிடக்கும். அந்தப் பாணிப் பின்னலை வீட்டுக் கணினியிலேயே உண்டாக்க எழுத்துருக்கள் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு விசையிலும் பின்னலின் ஒரு துண்டு இருக்கும். சரியான வரிசையில் அடித்தால் துண்டுகள் ஒட்டிக்கொண்டு முடிச்சாகிவிடும். அதை அண்ணனிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "இது நம்ம வாசல்ல தினமும் கிடக்குதே தங்கச்சி!" என்றார்.

டிடிபி கடைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். யூனிகோடு வருவதற்கு முன்பே பாமினியில் அடித்துப் பழகிய கை அது. ஆங்கில 'எம்' விசையைத் தட்டினால் திரையில் 'அ' வரும், 'கே' தட்டினால் 'ம' வரும். விசைக்கும் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் படத்துக்கும் எந்த உறவும் தேவையில்லை என்பது தமிழ்நாட்டு அச்சுக்கடைகளுக்கு அத்துப்படி. படம் 'அ'வாக இருந்தால் என்ன, வளைந்த இழையாக இருந்தால் என்ன?

எத்தனை துண்டு வேண்டும் என்பதுதான் கேள்வி. நான் நூறு, இருநூறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை நோட்டைப் பிரித்து, ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தார்.

"இந்தப் புள்ளியைச் சுத்தி எத்தனை புள்ளிடி இருக்கு?"

"நாலு, அத்தை. மேல, கீழ, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்."

"ஒவ்வொரு பக்கமும் இழை ஒண்ணு தாண்டிப் போகும், இல்லேன்னா திரும்பி வந்துரும். அவ்வளவுதான். ஆனா தாண்டணும்னா அந்தப் பக்கத்துப் புள்ளியும் சம்மதிக்கணும். ஒருத்தி கதவைத் திறந்து இன்னொருத்தி சாத்தினா கோலம் அறுந்துபோகும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது! நாலு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டே நிலை. இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு. பதினாறு. நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி இழை வெட்டிப் போகிற அத்தனை சிக்குக் கோலங்களும், தெரு அகலத்துக்கு விரிகிற பெரிய கோலம் உட்பட, பதினாறே துண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அதிலும் திருப்பிப் போட்டால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் ஆறு வடிவம்தான் மிஞ்சும். நாலு பக்கமும் சாத்தியது வட்டம். ஒரு பக்கம் திறந்தது துளி. எதிரெதிரே இரண்டு திறந்தால் கண். அடுத்தடுத்த இரண்டு திறந்தால் மூலை. பிறகு மும்முனை, நான்முனை. துளி நாலு திசைக்கு நாலு, கண் இரண்டு, மூலை நாலு, மும்முனை நாலு, வட்டமும் நான்முனையும் ஒவ்வொன்று. கூட்டிப் பாருங்கள், பதினாறு!

துண்டுகளை எந்தெந்த விசையில் உட்கார வைப்பது? ஆங்கில எழுத்துகளில் வைத்தால் வேலை சுலபம்தான். எனக்கு மனம் வரவில்லை. தமிழ்க் கோலம் தமிழ் எழுத்தில்தான் விழ வேண்டும். 'க' முதல் 'ன' வரை பதினெட்டு எழுத்துகள். பதினாறு துண்டுகள் போக இரண்டு மிச்சம். இழை சுற்றாத வெறும் புள்ளி ஒன்று வேண்டும், புள்ளியே இல்லாத வெற்றுக் கட்டம் ஒன்று வேண்டும். ஆக, பதினெட்டு! ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை, ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அண்ணன் எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொன்னார்.

எழுத்துக்கும் துண்டுக்கும் கணக்கு இப்படி. மேல்பக்கம் திறந்தால் 1, வலப்பக்கம் திறந்தால் 2, கீழே திறந்தால் 4, இடப்பக்கம் திறந்தால் 8. திறந்த பக்கங்களைக் கூட்டினால் 0 முதல் 15 வரை ஓர் எண் வரும். 'க' பூஜ்யம், அது வட்டம். 'ங' ஒன்று, 'ச' இரண்டு என்று வரிசையாகப் போய் 'ள' பதினைந்தில் முடியும்; அது நான்முனை. 'ற' வெறும் புள்ளி, 'ன' வெற்றிடம். இந்தக் கணக்கில் 'த' ஆறு, அதாவது வலமும் கீழும் திறந்தது, கோலத்தின் இடது மேல் மூலை. 'ழ' பதினான்கு, மேல்பக்கம் மட்டும் சாத்தியது. 'ல' பன்னிரண்டு, வலது மேல் மூலை. மூன்றையும் சேர்த்து வாசித்தால் 'தழல'! நாங்கள் தேடிப் பிடித்து வைத்ததல்ல, கணக்கு தானாகக் கொண்டுவந்து கொடுத்தது.

இனி துண்டு வரையும் இடத்துக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருள். ஒரு துண்டுக்கு ஆயிரத்துக்கு ஆயிரம் அலகு சதுரம், நட்டநடுவே புள்ளி. புள்ளியிலிருந்து நாலு மூலைத் திசையிலும், குறுக்கே 250, நெடுக்கே 250 அலகு தள்ளி, நாலு நிலையான இடங்களைக் குறித்துக்கொண்டோம். எந்தத் துண்டாக இருந்தாலும் இழை இந்த நாலு இடங்களையும் தொட்டே ஆக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே இருப்பது ஒரு பக்கம். அந்தப் பக்கம் சாத்தியிருந்தால் இரண்டையும் ஒரு வில் இணைக்கும். திறந்திருந்தால் இரண்டிலிருந்தும் கோடுகள் 45 பாகையில் கிளம்பி, கட்டத்தின் விளிம்பில், சரியாக நடுவில், சந்தித்து வெட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். வில்லின் ஆரம் 354 அலகு. அந்த ஆரத்தில்தான் வட்டத்தின் தொடுகோடு பிசகாமல் விளிம்பின் நடுப்புள்ளிக்குப் போகிறது. ஒரு வில், ஒரு கூர். இரண்டை மட்டும் வரைந்து சுழற்றிச் சுழற்றி ஒட்டினால் பதினாறு துண்டும் தயார்.

கணக்கு சரியாக வந்தது. அத்தைக்குத் திருப்தி வரவில்லை.

"என்னடி இது, விறைச்சுக்கிட்டு நிக்குது? மாவு இப்படியா விழும்?"

உண்மைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இறங்கும்போது கை ஒருபோதும் நேர்கோடு போடுவதில்லை. விளிம்பை நெருங்கும்போது இழை லேசாகச் சாய்ந்து, தாண்டியதும் நிமிரும். அத்தை கடை வாசலில் சிமெண்ட் தரையில் ஒரு துளி போட்டுக் காட்டினார். போனில் படம் எடுத்து, அதைத் திரையில் அடியில் வைத்துக்கொண்டு, கோடுகளை நெளித்தோம். நாலு நிலையான இடங்களும் விளிம்பின் நடுவும் அசையக் கூடாது, அங்கே இழையின் சாய்வும் மாறக் கூடாது. இடையில் மட்டும் கை விளையாடலாம். வில்லையும் கொஞ்சம் வெளியே உப்ப விட்டோம். பிறகு இழையின் தடிமன். மெல்லியதாக வைத்தால் திரையில் அழகு, அச்சில் நூலாகிவிடும். தடிமனாக வைத்தால் புள்ளி மூச்சுத் திணறும். புள்ளிக்கும் இழைக்கும் நடுவே இடம் விட்டால்தான் கோலம் கோலமாகத் தெரியும் என்பதில் அத்தை கறார். கடைசித் தடிமன் அவர் சொன்னதுதான்.

கெல்டிக் பின்னலில் ஒரு நாடா மேலே போனால் அடுத்த வெட்டில் கீழே போக வேண்டும். துண்டுதோறும் அந்த மேல்-கீழையும் காட்டியாக வேண்டும். மாவுக்கு மேல், கீழ் கிடையாது. இழையின்மேல் இழை தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் நமக்குப் பதினாறே போதும். சிக்கனத்தில் நம் கோலத்தை மிஞ்ச ஆளில்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

இப்போது விளையாட்டு. 'தழல', 'நளவ', 'ஞரம' என்று மூன்று வரி அடியுங்கள். மூன்று புள்ளி, மூன்று வரிசை, எல்லாக் கதவும் திறந்த கோலம். இழையை விரலால் பின்தொடர்ந்தால் ஒரு சுற்றில் முடியாது. தனித்தனியாக மூன்று வளையங்கள் பின்னிக் கிடக்கும். இதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு. செவ்வகமாகப் புள்ளி வைத்து எல்லாவற்றையும் திறந்துவிட்டால், குறுக்கே உள்ள எண்ணுக்கும் நெடுக்கே உள்ள எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை வளையம். 3-க்கு 2 என்றால் ஒன்று. அதனால்தான் முதலில் அடித்தது ஒரே இழையாக வந்தது. 3-க்கு 4-ம் ஒன்று. 4-க்கு 6 என்றால் இரண்டு. 5-க்கு 5 என்றால் ஐந்து.

மூன்று வளையத்தை ஒன்றாக்க முடியுமா என்று அத்தையிடம் கேட்டேன். அவர் பென்சிலை எடுத்து மேல் வரிசையில் இரண்டே கதவுகளைச் சாத்தினார்: முதல் புள்ளிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒன்று, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒன்று. முதல் கதவைச் சாத்தியதும் இரண்டு வளையங்கள் ஒன்றாகின. அடுத்ததைச் சாத்தியதும் மூன்றாவதும் வந்து சேர்ந்தது. 'தழல' இருந்த இடத்தில் இப்போது 'டடட'. மேலே மூன்று துளிகள் நிமிர்ந்து நிற்க, ஒன்பது புள்ளிக்கும் ஒரே இழை! வெவ்வேறு வளையங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கதவைச் சாத்தினால் அவை ஒன்றாகும், ஒரே வளையம் தன்னையே வெட்டும் இடத்தில் சாத்தினால் அது இரண்டாக உடையவும் கூடும். கணித வகுப்பில் முடிச்சியல் என்று படிக்கிற சங்கதி இது. அத்தை அதைப் பத்து வயதில் தன் அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

வாசலில் இருந்த இந்த அறிவைத் தமிழ்நாட்டிலேயே ஒருவர் நேராகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிப்ட் சிரோமணி. அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம், அதைக் கணினிக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று அதில் காட்டினார்கள். 1974-ல்! அதே கிப்ட் சிரோமணி 1978-ல் அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் முறை பற்றியும் சகாக்களோடு எழுதினார். எழுத்தும் கோலமும் ஒரே மேசையில் இருந்திருக்கின்றன. பிறகு வெளிநாட்டுக்காரர்களும் வந்தார்கள். அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-ல் கோல மரபைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஜப்பானின் கிவாமு யானகிசாவாவும் ஷோஜிரோ நகாதாவும் 2007-ல் கோல வடிவமைப்பின் அடிப்படை முறையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அத்தையிடம் இதையெல்லாம் சொன்னபோது, "ஜப்பான்லயா?" என்று கேட்டுவிட்டு நோட்டின் அட்டையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

பின்னறையில் சிக்கல்களும் வராமல் இல்லை. முதலில் வரி இடைவெளி. சாதாரண எழுத்துருவில் வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்கும். கோலத்துக்கு அது எமன். ஒவ்வொரு வரியும் தனித்தனியாக மிதக்கும். எழுத்துருவுக்குள்ளேயே அந்த இடைவெளியைப் பூஜ்யமாக்கினோம். அப்போதும் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வெள்ளை நூல்போல ஒரு கீறல் தெரிந்தது. இழையை விளிம்போடு வெட்டாமல், துளியளவு அடுத்த கட்டத்துக்குள் நுழைய விட்டதும் கீறல் போய்விட்டது.

அடுத்தது இன்னும் சுவாரசியம். தமிழ்99 விசைப்பலகையில் ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி வைத்துவிடும். தட்டச்சுக்கு அது பெரிய வசதி. 'டடட' அடிக்கும்போதோ 'ட்டட' என்று வந்து, புள்ளிக்கென்று ஒரு கட்டம் முளைத்துக் கோலத்தைத் தள்ளிவிட்டது. அண்ணன் ஒரே அடியில் தீர்த்தார். மெய்ப்புள்ளிக்கு எங்கள் எழுத்துருவில் அகலம் பூஜ்யம், உள்ளே ஒன்றும் வரையாத வெற்று உரு. புள்ளி வரும், ஆனால் இடமும் பிடிக்காது, கண்ணுக்கும் தெரியாது. அருமை!

ஒரு விஷயத்தை மட்டும் எழுத்துருவால் செய்ய முடியாது. ஒரு வரிக்குள் முன்னும் பின்னும் இருக்கும் எழுத்தைப் பார்த்து வடிவம் மாற எழுத்துருவுக்குத் தெரியும். மேல்வரியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மேலே கதவு திறந்திருக்க, கீழே சாத்தியிருந்தால் அறுந்த கோலத்தை அப்படியே காட்டும். அந்தப் பொறுப்பு அடிக்கிறவருடையது. அத்தை திரையைத் தூரத்திலிருந்து பார்த்தே, "மூணாவது வரி, நாலாவது புள்ளி" என்று சொல்லிவிடுவார்; போய்ப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

கடையில் இது உடனே வேலைக்கு வந்துவிட்டது. 'ச' ஒன்று, பிறகு வேண்டிய மட்டும் 'ய', கடைசியில் 'ப'. ஒரே வரிசையில் புள்ளிகளைச் சுற்றி முறுக்கிப் போகும் சங்கிலி, பத்திரிகைக்குக் கச்சிதமான கரை. நீளம் போதவில்லையா, இன்னும் நாலு 'ய' தட்டு! 'னடன', 'சளப', 'னஙன' என்று மூன்று வரி அடித்தால் 1-3-1 புள்ளிக் கோலம், நாலு இதழும் ஒரே இழை. பூஜை அறை ஸ்டிக்கருக்கு அளவெடுத்த மாதிரி. வெட்டும் இயந்திரத்தின் கத்தி அந்த இழையின் விளிம்பில் வளைந்து ஓடுவதைப் பார்க்க வேண்டுமே! நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

இத்தோடு விட அத்தைக்கு மனமில்லை. "நேர்ப்புள்ளி ஆச்சு, ஊடுபுள்ளி?" என்றார். ஊடுபுள்ளியில் ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடுக்கில் உட்காரும். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளி. ஆறு கதவு என்றால் துண்டுகள் 64. இரண்டு புள்ளிகளை வெட்டே இல்லாமல் ஒரே வளைவுக்குள் அணைத்துப் போகும் கோலங்களும் அவர் நோட்டில் உண்டு. அதற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்றாவது நிலை வேண்டும். நேர்ப்புள்ளியிலேயே 81 துண்டாகிவிடும். பதினெட்டு எழுத்து எந்த மூலைக்கு? ஆனால் நம்மிடம் உயிர்மெய் இருக்கிறதே, 216! கணினிக்குள் 'கி' என்பது 'க'வும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். இரண்டையும் சேர்த்து ஒரே துண்டாகக் காட்டும் விதியை எழுத்துருவுக்குள் எழுதிவிடலாம். கொம்பு வரும் எழுத்துகள் திரையில் முன்னும் பின்னும் இடம் மாறுவதால் அவற்றையும் ஔகாரத்தையும் விட்டுவிட்டு, அகரம் முதல் ஊகாரம் வரை ஆறு வரிசை எடுத்தாலே 108 கிடைக்கிறது. தாராளம்.

வேலை ஆரம்பமாகிவிட்டது. அரைக்கட்டம் தள்ளி நிற்க ஓர் அரை அகல வெற்றிடம் செய்தாயிற்று. கதவுகளுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று எண் வைக்க வேண்டும். 1 என்பது மேல் வலமா, நேர் வலமா என்பதில் பின்னறையில் அத்தைக்கும் அண்ணனுக்கும் பலத்த வாக்குவாதம். அத்தை மேல் வலம் என்கிறார். நான் அத்தை பக்கம்.